பள்ளத்தூர் பாப்பா எப்படி ஆச்சி ஆனார்?

கேள்வி: பழைய தமிழ் நடிகைகள் எல்லோரும் நடனமோ சங்கீதமோ தெரிந்த குடும்பங்களிலிருந்துதான் வந்தார்களா? ஒன்றுமில்லாத வீட்டுப் பெண் யாராவது பெரிய நடிகை ஆனதுண்டா?

உண்டு. எங்கள் ஊரிலேயே உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்தூர்க்காரன் நான். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால், "மனோரமா ஊரா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அவர் பிறந்தது மன்னார்குடியில், 1937-இல். வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட்டார். அம்மா ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிழைக்க வந்து சேர்ந்த ஊர்தான் பள்ளத்தூர். செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பு இருக்கும், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் கொல்லைப் பக்கமாகத்தான் வருவார்கள். அப்படி வீட்டு வேலை செய்துதான் ராமாமிர்தம் மகளை வளர்த்தார். அவரும் நோயில் விழுந்தபோது, ஆறாம் வகுப்போடு மகளின் படிப்பு நின்றது. அதன் பிறகு அந்தப் பிள்ளையும் வீட்டு வேலைக்குப் போனது.

என் அப்பத்தா கடைசிவரை அவரை 'மனோரமா' என்று சொன்னதே இல்லை, 'பாப்பா'தான். "அந்தப் பிள்ளைக்கு என்னா தொண்டைங்குறே! மூணு தெரு தாண்டிக் கேக்கும்" என்பாக.

அந்தத் தொண்டைதான் வழியைத் திறந்தது. ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழுவுக்குப் பாடத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதில் மேடை ஏறினார். 'பள்ளத்தூர் பாப்பா' என்று சுற்று வட்டாரமெல்லாம் பேர் பரவியது. 'மனோரமா' என்பதும் நாடகக்காரர்கள் சூட்டிய பெயர்தான்.

அந்தக் காலத்து நாடக மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு தொடங்கினால் விடிய விடிய நடக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ஆர்மோனியக்காரர் கட்டையை ஏற்றினால் கூடவே ஏறிப் பாட வேண்டும். எதிரில் நிற்பவர் புத்தகத்தில் இல்லாத வசனத்தை எடுத்துவிட்டால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். தடுமாறினால் ஜனம் விடாது. இரண்டாவது டேக் என்ற பேச்சே கிடையாது. வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு கற்றிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருக்கு முந்தைய தலைமுறையிலும் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். குழந்தைத் திருமணம் முறிந்து, வறுமையில் நாடகத்துக்கு வந்தவர். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் மேடைப் பிள்ளைதான். 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார், 1958-இல் மேல்சபை உறுப்பினரும் ஆனார்.

நீங்கள் சொல்வதுபோல முறையாக நடனம் பயின்ற பெண்களும் வந்தார்கள். அதிலும் எங்கள் சீமைக்கு ஒரு பங்கு இருக்கிறது. சென்னைக்குப் போவதற்கு முன் ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். பாரதியார் பாட்டுக்கு அதில் ஆடிய குமாரி கமலா, பரதநாட்டிய ஆசான் வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்றவர். ஸ்டூடியோ வடபழனிக்குப் போன பின், 1949-இல் 'வாழ்க்கை' மூலம் வைஜயந்திமாலா வந்தார். அவருடைய அம்மா வசுந்தரா தேவியே 'மங்கம்மா சபதம்' நாயகி.

காரைக்குடியில் கேமரா சுழன்றபோது கோபிசாந்தாவுக்கு ஒன்பது வயது. சில மைல் தூரத்தில், பள்ளத்தூரில் இருந்த பிள்ளை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. சினிமா அவர் ஊர் வாசலுக்கே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. குரு, மேடைக் கச்சேரி, துணைக்கு விவரமறிந்த பெரியவர்கள் என்று எதுவும் இல்லாத பிள்ளை, மேடை மேடையாக நடந்து போய் அதைப் பிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

பிடிக்க உதவியவரும் நம்ம பக்கத்துக்காரர்தான், சிறுகூடல்பட்டி கண்ணதாசன். 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் முழுக்க நகைச்சுவை வேடம் கொடுத்தார். மனோரமா தயங்கினாராம். நகைச்சுவையில்தான் நீ சாதனை செய்வாய் என்று சொல்லி நடிக்க வைத்ததை, பின்னாளில் அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார். சொன்னது பலித்தது. ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 'புதிய பாதை'க்குத் தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீயும் வந்தன.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாக நடித்தும், திரையுலகம் அவரை மறுபடி நகைச்சுவைக்கே அனுப்பியது. அழவைக்கவும் தெரிந்த நடிகை என்பதை ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார்கள்.

'ஆச்சி' என்ற பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நகரத்தார் வீடுகளில் அக்காளை ஆச்சி என்பார்கள், கல்யாணமான பெண்களை ஊரே மரியாதையாக ஆச்சி என்று அழைக்கும். முகப்பு வழியாக வருகிறவர்களுக்கு உரிய சொல் அது. அந்த ஆச்சிமார் வீடுகளில் வேலை செய்த அம்மாவின் மகளை, அதே சொல்லால் தமிழ்நாடு முழுக்க அழைத்தது. 2015 அக்டோபரில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் எல்லாம் ஆச்சி என்றே எழுதின. எங்கள் ஊரில் பழையவர்கள் அன்றைக்கும் 'பாப்பா போயிருச்சு' என்றுதான் சொன்னார்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவர் செய்த ஜில் ஜில் ரமாமணியும் ஒரு மேடைக் கலைஞர்தான். அடுத்த முறை அதைப் பார்த்தால், சிரிப்போடு அந்தக் குரலையும் கவனியுங்கள். எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்க மாட்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டாத கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது.