ஃப்ளூ ஊசிக்குப் பின் தீராத தோள்வலி: அமெரிக்காவில் இழப்பீடு கோருவது எப்படி?

கேள்வி: நியூஜெர்சியில் பணி விசாவில் இருக்கிறேன். கடந்த அக்டோபரில் மருந்தகம் ஒன்றில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்றிரவே இடது தோளில் வலி தொடங்கியது. எட்டு மாதமாகியும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மருந்தகத்தின் மீதோ தயாரித்த நிறுவனத்தின் மீதோ வழக்குப் போடலாமா? வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியும் இல்லை.

பதில்: எடுத்த எடுப்பில் அவர்கள் இருவர் மீதும் நீங்கள் வழக்குப் போட முடியாது. ஆனால் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஃப்ளூ உள்ளிட்ட குறிப்பிட்ட தடுப்பூசிகளால் பாதிக்கப்பட்டதாகக் கருதுவோர், தேசியத் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ், வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் முதலில் மனுச் செய்ய வேண்டும். அங்கே எதிர்த்தரப்பு அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர். ஊசி போட்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்றும் நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சட்டம் கேட்பது ஊசி அமெரிக்காவில் போடப்பட்டதா என்பதையே. உங்கள் குடியுரிமையை அல்ல.

உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் மருந்தின் குறையாக இராது. மேல்கைத் தசையில் இறங்க வேண்டிய ஊசி சற்று மேலே, தோள்மூட்டை ஒட்டி இறங்கும்போது இத்தகைய அழற்சி உண்டாகிறது. எனவே இதை எண்ணி அடுத்த தடுப்பூசிகளைத் தவிர்த்துவிடாதீர்கள். இந்தத் தோள் பாதிப்பு 2017 முதல் திட்டத்தின் பாதிப்பு அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பே வலியோ அழற்சியோ இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். வேறு நோய் எதுவும் அதற்குக் காரணமாகத் தெரியக் கூடாது. இவை நான்கும் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். மறுக்கும் பொறுப்பு அரசைச் சேரும். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீங்கள் கடந்துவிட்டீர்கள்.

இத்தகைய மனுக்கள் பல தடுமாறும் இடம், வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விதான். தானாகச் சரியாகிவிடும் என்று பொறுத்திருந்து இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் போகிறோம்; அவர் 'சில வாரங்களாகத் தோள்வலி' என்று எழுதிவிடுகிறார். வழக்கை விசாரிக்கும் சிறப்பு நடுவர், பின்னாளில் நாம் தரும் பிரமாண வாக்குமூலத்தைவிட அந்த ஒற்றை வரிக்கே அதிக எடை கொடுக்கக்கூடும். ஆகவே இந்த வாரமே உங்கள் மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் வாங்கிப் படியுங்கள். பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அடுத்த முறை செல்லும்போது எந்த நாள், எந்தக் கை, எத்தனை மணி நேரத்தில் வலி என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள். அன்றிரவு வீட்டாருக்கோ நண்பருக்கோ வலியைப் பற்றி அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். மருந்தகத்தின் பதிவில் இடது கை என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தவறாகவோ வெறுமையாகவோ இருப்பதுண்டு.

மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அது நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்தே எண்ணப்படும். உங்கள் கணக்கு அந்த அக்டோபர் இரவிலேயே தொடங்கிவிட்டது. காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், வலிக்கும் வேதனைக்குமாக அதிகபட்சம் 2,50,000 டாலர் ஆகியவற்றைக் கோரலாம். பல மனுக்கள் பேச்சுவார்த்தையிலேயே முடிகின்றன.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். மனு நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் தாக்கல் செய்யப்பட்டிருந்தால், தோற்றாலும்கூட நியாயமான கட்டணத்தைத் திட்டமே செலுத்தும். இழப்பீட்டில் பங்கு கேட்க வழக்கறிஞருக்குச் சட்டம் இடம் தரவில்லை. அப்படி யாரேனும் விழுக்காடு பேசினால் வேறொருவரை நாடுங்கள். இவ்வழக்குகளை நடத்துவோரின் பட்டியல் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது.