பாதாம் என்று எழுதியிருந்தால் பாதாம்தானா?

சென்ற முறை பாதாம் எண்ணெய் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதன் பலன், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாதாமைப் பற்றியே. எல்லாவற்றையும் நறுக்கித்தான் போட்டிருக்கிறேன். நலம் விசாரிக்கும் பத்திகள்தாம் முதலில் வெட்டுப்பட்டன. மன்னிக்கவும், நலமாகவே இருக்கிறேன்.

கேள்வி: ஒரு பொட்டலத்தில் ஆல்மண்ட், இன்னொன்றில் பாதாம், மூன்றாவதில் வாதுமை. விலையும் மூன்று விதம். எது உசத்தி?

பதில்: மூன்றும் ஒரே பருப்பு. பாதாம் என்பது பாரசீகச் சொல்; வாதுமையும் அந்த ஒலிக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆல்மண்ட் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் அமிக்டலே, லத்தீனில் அமிக்டலா, அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச் சொல்லின் தலையில் 'ல்' கிடையாது. அரபு மொழியின் 'அல்' என்ற முன்னொட்டின் சாயலில் அது வழியில் ஒட்டிக்கொண்டது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ஒட்டிக்கொண்டதை ஆங்கிலேயர் பலர் உச்சரிப்பதும் இல்லை.

பெயருக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஆனால் 'நாட்டு வாதுமை' என்று எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள். அது அகன்ற இலையும் அடுக்கடுக்கான கிளையும் கொண்ட வேறு மரம். பாதாமோ ரோஜாக் குடும்பம். பீச், பிளம், ஆப்ரிகாட் ஆகியவற்றின் நெருங்கிய உறவு. நாட்டு வாதுமைப் பருப்பையும் தின்னலாம், குற்றமில்லை. அதைப் பாதாம் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

கேள்வி: மூளையில் 'அமிக்டலா' என்ற பகுதி இருப்பதாக மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாதாம் சாறு அதற்கு வலுவூட்டும் என்று ஒரு மாத்திரை டப்பாவில் படித்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பாதாம் பருப்பின் வடிவில் இருந்ததால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்டாக் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் அந்தப் பெயரைச் சூட்டினார். உறவு அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் 'மாண்டல்' என்றால் பாதாம், தொண்டையில் இருக்கும் டான்சிலும் மாண்டல்தான். இதை அந்த மாத்திரைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். தொண்டைக்கும் ஒரு டப்பா போட்டுவிடுவார்.

கேள்வி: பாதாம் எண்ணெய் வாங்கினேன். துளியும் மணமில்லை. போலி என்று திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இனிப்புப் பாதாமைப் பிழிந்தெடுத்த எண்ணெய்க்கு மணம் மிகக் குறைவு. 'பாதாம் வாசனை' என்று நாம் நினைப்பது கசப்புப் பாதாமில் பிறப்பது. அதைக் காய்ச்சி எடுக்கும் வாசனை எண்ணெய் முற்றிலும் வேறு பொருள்.

நானும் இதில் அடிபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன், மூடியைத் திறந்ததும் அறையே மணத்த ஒரு புட்டியைப் பெருமையோடு வாங்கி வந்தேன். முடிந்த பிறகுதான் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் பொருள் திரவ பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த கனிம எண்ணெய். அடுத்தது நறுமணம். பாதாம் எண்ணெய் கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் மட்டும் பருப்பும் பூவுமாகப் படம்.

உங்கள் புட்டியின் பட்டியலில் பாதாம் எண்ணெய் மட்டும் இருந்து, கெட்ட வாடையும் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'இயற்கையான பாதாம் எசன்ஸ்' என்ற குப்பியின் சேர்மானப் பட்டியலில் ஆப்ரிகாட் கொட்டை இருக்கிறது. இது மோசடி இல்லையா?

பதில்: வேதியியல்படி இல்லை. அந்த மணத்தின் பெயர் பென்சால்டிஹைடு. கசப்புப் பாதாமிலும் ஆப்ரிகாட், பீச் கொட்டைகளிலும் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது இந்த மணம் பிறக்கிறது, கூடவே ஹைட்ரஜன் சயனைடும் பிறக்கிறது. எசன்ஸ் செய்பவர்கள் நஞ்சை நீக்கிவிட்டு மணத்தை அடைக்கிறார்கள். 1832இல் வோலர், லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆராய்ந்த 'கசப்புப் பாதாம் எண்ணெய்' இதுதான். ஆய்வகத்தில் செயற்கையாகவும் செய்யலாம். எங்கிருந்து வந்தாலும் மூக்குக்கு ஒன்றுதான். ஆனால் பாதாமே இல்லாத குப்பியில் பாதாம் படம் எதற்கு என்று நீங்கள் கேட்டால், நான் உங்கள் பக்கம்.

கேள்வி: அப்படியானால் பாதாம் ஒவ்வாமை உள்ள என் மகன் 'பாதாம் சுவை' பிஸ்கட்டைத் தைரியமாகச் சாப்பிடலாம் அல்லவா?

பதில்: கூடாது. எசன்ஸில் பாதாம் இல்லாமல் இருக்கலாம், மாவில் இருக்கலாம், அதே இயந்திரத்தில் ஓடிய முந்தைய சரக்கில் இருந்திருக்கலாம். ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படியுங்கள், தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள், மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள். இந்த விஷயத்தில் ஊகம் வேண்டாம்.

கேள்வி: பாதாமிலிருந்து வருவதற்குப் 'பால்' என்று பெயர் வைப்பது நுகர்வோரை ஏமாற்றுவதாகாதா? நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதுவதில்லை?

பதில்: எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதை அல்ல.

'பால்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. தேங்காய்க்கும் பால் உண்டு, கள்ளிக்கும் பால் உண்டு என்று சொல்கிற மொழியில் நாம் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் இது நேற்று முளைத்த விளம்பரச் சொல் அல்ல. 1390ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ஆங்கிலச் சமையல் சுவடியிலேயே பாதாம் பால் வருகிறது. விலங்கிலிருந்து கறப்பதைத் தவிர வேறெதையும் பால் என்று விற்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்குள்ள விதிவிலக்குப் பட்டியலில் பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளின் 'பாதாம் பால்' இடம்பெற்றிருக்கிறது. நெடுங்காலமாகப் புழங்கும் சொல்லைச் சட்டத்தாலும் பிடுங்க முடியவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் தாவரப் பானங்களுக்குப் பால் என்ற பெயரை அனுமதித்தது. சத்து வேறுபாட்டைச் சொன்னால் நல்லது என்றது.

என் சண்டை 'பாதாம்' என்ற சொல்லோடுதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல பானங்களில் பாதாம் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம், எண்ணினால் பதினாறு பதினேழு பருப்பு. முன்பக்கப் படத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும், எண்ணிப் பார்த்திருக்கிறேன். மிச்சம் தண்ணீர், கெட்டிப்படுத்த ஏதோ ஒரு பிசின், உப்பு, சில சமயம் சர்க்கரை. 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதம் இருப்பது உண்மை. அந்தப் பெருமையைப் பெட்டியின் மேல் எழுதி வைத்து, 240 மில்லி கோப்பைக்கு 1 கிராம் புரதம் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதே அளவு பசும்பாலில் சுமார் 8 கிராம். பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் விரும்பாதவர்களும் தாராளமாகக் குடிக்கட்டும், எனக்கும் அந்தச் சுவை பிடிக்கும். ஆனால் குழந்தைக்குப் புரதம் கிடைக்கிறது என்று நம்பி ஊற்றிக் கொடுத்ததாக எனக்குக் கடிதம் எழுதுகிறார்களே, அவர்களை யார் நம்ப வைத்தது? பால் என்ற சொல்லா, அந்தப் படமா? சதவீதத்தை முன்பக்கத்தில், பெயருக்குப் பக்கத்தில், பெயரின் அளவிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பிறகு அதை அமுதம் என்று விற்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

கேள்வி: மர்சிபான் இனிப்பு என்று பரிசுப் பெட்டிகள் பத்து வாங்கினேன். சிறிய எழுத்தில் 'பெர்சிபான்' என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: மர்சிபான் பாதாமும் சர்க்கரையும், பெர்சிபான் ஆப்ரிகாட் அல்லது பீச் கொட்டையும் சர்க்கரையும். பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். பத்துப் பெட்டி வாங்கியவர் ஒரு பெட்டியையாவது படித்திருக்கலாம்.

கேள்வி: 'அல்மண்டைன்' கல் வைத்த மோதிரம் வாங்கினேன். பாதாம் நிறமாக இல்லாமல் கருஞ்சிவப்பாக இருக்கிறது.

பதில்: அப்படித்தான் இருக்கும். அது கார்னெட் வகைக் கல். சின்ன ஆசியாவின் அலபாண்டா என்ற பழைய நகரின் பெயர் திரிந்து அல்மண்டைன் ஆனது. பாதாமுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடையில் கல்லைப் பார்க்காமலா வாங்கினீர்கள்?

கேள்வி: 'ஜோர்டான் பாதாம்' வேறு நாட்டில் விளைந்ததாகப் பொட்டலத்திலேயே இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: அந்த ஜோர்டான் நாடல்ல, தோட்டம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு என்பதே பொதுவான விளக்கம். தோட்டத்திடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புற்றுநோயால் அவதிப்பட்ட என் அண்ணனுக்காக 'வைட்டமின் பி17' என்று கசப்புப் பருப்புகளையும் மாத்திரைகளையும் மாதக்கணக்கில் வாங்கினேன். அவர் இப்போது இல்லை. விற்றவர் 'நம்பிக்கை போதவில்லை' என்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் நம்பிக்கையில் குறை இல்லை. பொருளில்தான் குறை. பி17 என்று ஒரு வைட்டமின் கிடையாது. மேலே சொன்ன அமிக்டலினுக்கும் அதையொத்த லேட்ரைல் என்ற மருந்துக்கும் விற்பனைக்காக வைத்த பெயர் அது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு மருத்துவர் மோர்டெல் குழுவினர் கொடுத்துப் பார்த்து, பயன் இல்லை என்று 1982இல் வெளியிட்டார்கள். சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. ஆப்ரிகாட் கொட்டையின் பச்சைப் பருப்பில் சிறியதாக மூன்றைத் தாண்டினாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எல்லை கடந்துவிடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது.

ரசீதுகளையும் அவர் அனுப்பிய செய்திகளையும் பத்திரமாக வைத்து நுகர்வோர் அமைப்பிலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுங்கள். 'நம்பிக்கை போதவில்லை' என்ற அந்த வரியையும் புகாரில் சேருங்கள். அண்ணனுக்காக அலைந்ததை நினைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: கலிபோர்னியாவின் 'பச்சைப் பாதாம்' எவ்வளவு வைத்தும் முளைக்கவில்லை. பச்சை என்றால் பச்சைதானே?

பதில்: அங்கே பச்சை என்றால் வறுக்காதது என்றுதான் பொருள். 2001, 2004ஆம் ஆண்டுகளில் பாதாம் வழியாக சால்மொனெல்லா என்ற பாக்டீரியாத் தொற்றுப் பரவிய பிறகு, 2007 முதல் வட அமெரிக்காவில் விற்கும் கலிபோர்னியப் பாதாமை நீராவியாலோ வேறு முறையாலோ கிருமி நீக்கியாக வேண்டும். அதற்குப் பிறகும் 'பச்சை' என்று அச்சிடலாம். சட்டப்படி சரி. எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: தள்ளுபடியில் ஐந்து கிலோ வாங்கினேன். எட்டு மாதத்தில் கசக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: பாதாமின் எடையில் பாதி கொழுப்பு. வெப்பத்திலும் காற்றிலும் திறந்து கிடந்தால் சிக்குப் பிடிக்கும். வாங்கிய அன்றே பொட்டலம் முழுவதும் கசந்திருந்தால், அது கசப்புப் பாதாமாக இருக்கலாம். தின்னாமல் உடனே கடைக்காரரின் சட்டையைப் பிடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். எட்டு மாதம் கழித்து அவர் என்ன செய்வார்? இனிமேல் சின்னப் பொட்டலமாக வாங்கிக் குளிர்பெட்டியில் மூடி வையுங்கள்.

நான் வாங்கியது மூன்று கிலோ, அதுவும் தள்ளுபடிதான். கால் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் பழைய பெயிண்ட் வாடை அடிக்கிறது, மூடி வைத்துவிடுகிறேன்.