நாலு பேர் ஓட்டு, முப்பது பேர் விளையாட்டு

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் வாக்குரிமை வந்த கதையை நடத்துகிறேன். பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். மனதில் பதிய என்ன வழி?
- ஓர் ஆசிரியை

பதில்: ஆண்டுகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் தேர்தல் வையுங்கள். 30 பிள்ளைகள் என்றால் 30 சீட்டு: 4-ல் ‘சொத்துள்ள ஆண்’, 2-ல் ‘சொத்துள்ள பெண்’, மீதி 24-ல் ‘சொத்தில்லாதவர்’. குலுக்கி எடுக்கட்டும். கடைசி பீரியடில் கபடியா, கோ-கோவா? முதல் சுற்றில் அந்த 4 பேருக்கு மட்டும் ஓட்டு. அடுத்ததில் 2 பெண்களும் சேர்வார்கள். 1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது இப்படித்தான், சொத்துத் தகுதியோடு. மூன்றாவது சுற்று 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தல்: எல்லோருக்கும் ஓட்டு. அன்று வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் சின்னம். முத்திரை குத்தும் வேலையே இல்லை, சீட்டைப் பெட்டியில் போட்டால் போதும். இரண்டு செருப்புப் பெட்டிகளில் படம் ஒட்டிவிடுங்கள்.

கெடுவது எங்கே? ஜெயித்த விளையாட்டை ஆடவிடாமல் கணக்குப் பாடம் எடுத்தால் எல்லாம் வீண். வீட்டில் நிலம் உண்டா, என்ன சாதி என்று கேட்டுப் பிரிக்கவே கூடாது, அதற்குத்தான் குலுக்கல்.

மூன்றாவது சுற்றுக்கு முன் வாக்காளர் பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும். ஐந்தாறு பேரை மட்டும் ‘முருகன் மகள்’, ‘ராமன் மனைவி’ என்று எழுதச் சொல்லி, பின்பு அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். “ஏன் டீச்சர்?” என்று சண்டைக்கு வருவார்கள். அப்போது சொல்லுங்கள்: அந்த முதல் பொதுத்தேர்தலில் சொந்தப் பெயரைச் சொல்லாததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.