தொலைக்காட்சி இல்லாத கூடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், எங்கள் வீட்டில் 2018ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை என்றும், ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு) உள்ள எனக்கு அந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்றும் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். புத்தகங்களைப் பற்றி இத்தனை நாளாக எழுதிய எதற்கும் வராத அளவுக்கு அந்த இரண்டு வரிக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் புத்தகக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலை பார்ப்பவள். 37ஆம் வயதில் தனக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்துகொண்ட ஒருத்தியின் அனுபவம் என்ற அளவிலேயே இவற்றைப் படிக்க வேண்டுகிறேன்.

சத்தம் பிடிக்கவில்லை என்றால் குறைத்து வைத்துக்கொள்ளலாமே? அதற்காகப் பெட்டியையே வீட்டைவிட்டு அனுப்புவது பிடிவாதம் ஆகாதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

‘பிடிவாதம்’ என்ற சொல்லோடு எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் உண்டு; வருத்தமில்லை. கும்பகோணத்தில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கூடத்துக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு அதைப் போட்டாலும், அடுக்களையில் சுவரைப் பார்த்து நின்றபடியே ‘ஓடுகிறது’, ‘நின்றுவிட்டது’ என்று பிழையில்லாமல் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கு இதில் பெருமை. விருந்தாளிகள் வந்தால் என்னை உள்ளே நிறுத்திவைத்து இந்த வித்தையைக் காட்டுவார். அவர்கள் கைதட்டுவார்கள். எனக்கோ பல்லால் மணலைக் கடித்ததுபோல் உடம்பு கூசும்.

அதில் வித்தை ஒன்றுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டில் இருந்த பழைய குழாய்த் திரைப் பெட்டிகள் 625 வரிகள் கொண்ட படத்தை நொடிக்கு 25 முறை வரைந்தன; பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15,625 வரிகள். உள்ளிருந்த மின்மாற்றி அதே கணக்கில் அதிர்ந்து, ஊசிமுனை போன்ற ஒரு கீச்சொலியை எழுப்பிக்கொண்டே இருந்தது. வயது ஏற ஏற மனிதக் காதுக்கு இத்தனை மெல்லிய உச்ச ஒலி எட்டாமல் போய்விடும் என்பதால் பெரியவர்கள் பலருக்கு அது கேட்காது; குழந்தைகள் பலருக்குக் கேட்கும். ஆகவே கேட்டது ஆட்டிசத்தின் வேலை என்று சொல்ல மாட்டேன். என் தம்பிக்கும் கேட்டது. கேட்ட பத்தாம் நொடியில் அவன் அதை மறந்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். எனக்கு அந்தப் பத்தாம் நொடி வரவே இல்லை. ஆட்டிசம் இருந்தது அந்த இடத்தில்தான்.

இப்போதைய தட்டைத் திரைகளில் அந்தக் கீச்சொலி கிடையாது. ஆனால் வேண்டாத ஒலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் முன்னுக்குக் கொண்டுவரும் வேலை என் மூளையில் சரியாக நடப்பதில்லை. கூடத்தில் தொடர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் என்னிடம் பேசினால், அவர் சொல்லும் சொல்லும் தொடரில் மாமியார் சொல்லும் சொல்லும் ஒரே உயரத்தில் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நெடுந்தொடர்களில் ஒருத்தி அதிர்ச்சி அடைந்தால், அந்த அதிர்ச்சியை மூன்று கோணங்களில், மூன்று இடியோசைகளோடு, வீட்டிலுள்ள அத்தனை முகங்களுக்கும் பங்கிட்டுக் காட்டுவார்களே, அந்த அரை நிமிடத்தில் நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். செய்தி விவாதம் இன்னும் கடினம்: ஆறு சதுரங்களில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேச, கீழே இரண்டு வரி எழுத்து ஓடும். எழுத்து எங்கே ஓடினாலும் படித்துவிடுகிற கண் எனக்கு.

குறைத்து வைக்கலாம் என்கிறீர்கள். எந்த அளவுக்கு? நாடகத்துக்கு என்று குறைத்து வைத்த அளவு விளம்பரத்துக்குப் பொருந்தாது. விளம்பரத்தின் ஒலியில் தாழ்ந்த இடங்களையெல்லாம் தூக்கி உயர்ந்த இடங்களுக்குச் சமமாக நிரவிவிடுவதால், உச்ச அளவு மாறாமலேயே அது இரைச்சலாகக் கேட்கும். விளம்பரத்தின் ஒலியும் காட்சியும் அளவுக்கு மீறி உரத்திருக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் இருக்கிறது. விதி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மிகையாகவோ குறைவாகவோ உறைப்பதை ஆட்டிசத்தின் அளவுகோல்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னால் வளர்ந்தவர்களுக்கெல்லாம் இது பிடிவாதமாகவே போய்விட்டது. நம் அரசுப் படிவங்கள் சிலவற்றில் எங்களைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று குறிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அடுத்த தெருவில் ஓடும் பாத்திர விளம்பரத்தின் கடைசி வரிவரை காதில் விழுகிறவளுக்கு வைத்த பெயர் அது.

என் மகனுக்கு மூன்று வயது. ஆட்டிசம் என்று சென்ற மாதம் சொன்னார்கள். குழந்தையைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்துச் சோறூட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று என் மாமியார் சொல்கிறார். நீங்களே தொலைக்காட்சியை ஒதுக்கிவிட்டதாக எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.
– ஒரு வாசகி, ஈரோடு

அம்மா, உங்கள் தூக்கம் போனதற்கு என் இரண்டு வரியும் காரணம் என்பதால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சியால் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்திலேயே, பெரும்பாலும் குழந்தை கருவில் இருக்கும்போதே, உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி இந்த நிலையைத் தனியாக எடுத்துக் காட்டியது 1943ஆம் ஆண்டில். அந்தக் குழந்தைகள் பிறந்து வளர்ந்த வீடுகளில் தொலைக்காட்சி ஏது? நம் சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்புத் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். என்னைப் போன்றவர்கள் அதற்கு முன்னும் இங்கே பிறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர்கள் வேறு.

‘திரையால் வரும் ஆட்டிசம்’ என்று இப்போது ஒரு சொல் சுற்றுகிறது. மருத்துவ வகைப்பாடுகளில் அப்படி ஒரு நோய்க்குறிப்பு இல்லை. அதே நேரத்தில், மிகச் சிறு குழந்தைகள் நெடுநேரம் திரை பார்ப்பது பேச்சுக்கும் தூக்கத்துக்கும் நல்லதல்ல என்பது வேறு சங்கதி. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. அதைக் கடைப்பிடியுங்கள், ஆனால் பிராயச்சித்தமாகச் செய்யாதீர்கள். தாயின் பாராமுகத்தால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதி எத்தனையோ பெண்களை அழவைத்தார்கள். அந்தப் பழி பொய்யென்று போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டலாம்.

எங்கள் மகனுக்கு 27 வயது, ஆட்டிசம் உள்ளவன். பழைய நகைச்சுவைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், வசனங்களை அப்படியே ஒப்பிக்கிறான். உங்களைப்போல் நாங்களும் தொலைக்காட்சியை நிறுத்திவிடலாமா?
– பெற்றோர், திருநெல்வேலி

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எனக்குப் பெட்டி இல்லாமல் இருப்பது எதுவோ, உங்கள் மகனுக்கு அந்தக் காட்சிகள் இருப்பது அதுவாக இருக்கலாம். நாள் முழுவதும் யார் என்ன சொல்வார்கள், எப்போது சிரிப்பார்கள் என்று தெரியாத உலகத்தில் நடந்துவிட்டு வருகிறவருக்கு, அடுத்த வரி இன்னதுதான் என்று உறுதியாகத் தெரிந்த ஐந்து நிமிடம் பெரிய இளைப்பாறல். நானும் இதையே செய்கிறேன், திரையில் அல்ல, பழைய ரயில்வே கால அட்டவணைகளில்.

ஒப்பிக்கும் வசனங்களைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். எந்த வசனத்தை எந்த நேரத்தில் சொல்கிறார் என்று ஒரு நோட்டில் பத்து நாள் குறித்து வாருங்கள். அடி வாங்கும் காட்சியின் வசனம் பசி வேளையிலோ, வீட்டுக்கு ஆள் வரும் வேளையிலோ தவறாமல் வருகிறதென்றால் அது அவருடைய பேச்சு. கடன் வாங்கிய சொற்களில் தன் நிலையைச் சொல்கிறார். அந்தப் பெட்டியைப் பிடுங்கினால் அவருடைய அகராதியைப் பிடுங்கியதாகிவிடும். 27 வயது ஆணிடம் கேட்காமல் அதைச் செய்வதும் முறையல்ல.

செய்தி எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?
– ஒரு மாணவர், விருதுநகர்

காலையில் நாளிதழ், இரவில் வானொலி. வானொலியில் ஒருவர் மட்டும் பேசுகிறார், அவர் பேசும்போது வேறு யாரும் குறுக்கே பேசுவதில்லை, பேசி முடித்ததும் போய்விடுகிறார். வேறென்ன வேண்டும்?

நான் 31 வயதுப் பெண், எனக்கும் ஆட்டிசம். இரண்டே அறை கொண்ட வீட்டில் பெற்றோர், அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன். மாலை ஆறு மணிக்குப் போடும் தொலைக்காட்சி பத்தரைக்குத்தான் நிற்கிறது. எல்லாரும் பார்க்கும் பெட்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?
– ஒரு வாசகி, சென்னை

வந்த கடிதங்களில் நான் இரண்டு நாள் மேசைமீது வைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் எந்தச் சட்டமும் நம் கூடத்துக்குள் வந்து ரிமோட்டை வாங்கித் தராது. அதோடு, நாளெல்லாம் அடுப்படியில் நின்ற உங்கள் அம்மாவுக்கும் அண்ணிக்கும் அந்த மாலைப்பொழுது ஒன்றுதான் ஓய்வு. நிறுத்தச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். மாற்றிவைக்கச் சொன்னால் நடக்க வாய்ப்பு உண்டு.

நாங்கள் பெட்டியை அனுப்புவதற்கு முன் ஓராண்டு செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலாவது, பெட்டியின் இடம். எங்கள் பெட்டி என் அறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அதன் ஒலிபெருக்கி பின்பக்கம் இருந்ததால் முழு ஒலியும் சுவர் வழியாக என் தலைமாட்டுக்கே வந்தது. எதிர்ச் சுவருக்கு மாற்றியதிலேயே பாதி வேதனை குறைந்தது. அடுத்து, இப்போதைய பெட்டிகள் பலவற்றில் விளம்பரம் வந்தாலும் ஒலி ஏறாமல் ஒரே சீராக வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஒலி அமைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் கம்பியில்லாமல் காதில் மாட்டிக் கேட்கும் கருவி (ஹெட்போன்) நல்ல வழி. ஆனால் நான்கு பேர் சேர்ந்து பார்த்து, சேர்ந்து திட்டி, சேர்ந்து சிரிக்கும் வீட்டில் ஆளுக்கொன்று மாட்டச் சொல்வது அந்தச் சுகத்தையே கெடுத்துவிடும்; அங்கே காதை மூட வேண்டியவள் நீங்கள்தான். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் காது மறைப்பான் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது. பார்க்க அழகாக இராது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் தாளிக்கும் சத்தத்துக்குப் பதில் நாம் மெல்லும் சத்தம் கேட்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இவற்றைவிட முக்கியமாக, நேரத்தைக் கேளுங்கள். ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்று நாள்தோறும் கெஞ்சுவதைவிட, ‘எட்டு முதல் எட்டரை வரை வேண்டாம், அந்த நேரத்தில் நானும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்’ என்று ஒரே ஒரு முறை, தாளில் எழுதிக் கொடுங்கள். பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்; எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. என் அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில், தொலைக்காட்சி ஓடும்போது என் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று தலையிலிருந்து கால்வரை ஒன்பது வரி இருந்தது. அம்மா அதை மூன்று முறை படித்துவிட்டு, ‘கும்பகோணத்துலேயே இப்படித்தான் இருந்துச்சா?’ என்று மட்டும் கேட்டார்.

தொலைக்காட்சியை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதைப் பார்க்கிறோம். நீங்கள் எப்படி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

மலைப்பாதையில் ரயில் ஏறும் காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் அது நிற்கும். கூடத்துப் பெட்டி நிற்காது. திரையைத் துறந்ததாக நான் எங்கும் எழுதவில்லை.

அலுவலகத்தில், உறவினர் வீட்டில் எல்லாம் தொடரைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும்தானே பேச்சு? நீங்கள் தனித்துப் போய்விடவில்லையா?
– ஒரு வாசகி, மதுரை

போய்விடுகிறேன்தான். சாப்பாட்டு மேசையில் நேற்றைய கதை ஓடும்போது நான் வெறுமனே டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பு இதை மறைப்பதற்காக, நாளிதழில் கதைச் சுருக்கம் படித்துவிட்டுப் போய்த் தலையாட்டியிருக்கிறேன். மாலையில் வீடு திரும்பும்போது அந்தத் தலையாட்டலின் களைப்பு பார்த்த வேலையின் களைப்பைவிட அதிகமாக இருக்கும். இப்போது ‘எங்கள் வீட்டில் டி.வி. இல்லை, நீங்களே சொல்லுங்கள்’ என்கிறேன். வேடிக்கை என்னவென்றால், கதை சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக எனக்கு ஒரு தொடரைத் தவணை முறையில் சொல்லி வருகிறார். இடியோசை இல்லாததால் நன்றாகவே இருக்கிறது.

உங்கள் தாயாரும் உங்களோடுதானே இருக்கிறார்? அவருக்குப் பொழுது எப்படிப் போகிறது? அவர் விருப்பத்தைக் கேட்டீர்களா?
– ஒரு வாசகர், காரைக்குடி

கேட்டேன், ஆனால் நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் படித்த பிறகு மகளிடம் வேறு எந்தப் பதிலைத்தான் அவர் சொல்லியிருக்க முடியும்? இந்த ஏற்பாட்டில் இழப்பு அவருக்குத்தான் அதிகம். அதை நான் சரிக்கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முதல் ஆண்டு முழுவதும் எட்டு மணியானால் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார். மழை நாளில் குடையோடு போவதைப் பார்த்துவிட்டு, கைப்பேசியும் காதில் மாட்டும் கருவியும் வாங்கிக் கொடுத்தேன். சிறிய திரையில் முகங்கள் எறும்புபோல் இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தை நேற்று அவரிடமே படித்துக் காட்டிப் பதில் கேட்டேன். ‘அவங்க வீட்டுல காபியும் தர்றாங்கன்னு எழுது’ என்றார். மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.