டீச்சருக்குப் போட்ட டிக்

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளின் ஆர்வத்தை அளக்க ஒரு தாள் கொடுத்தோம். 'கணக்கு எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு வகுப்பே டிக் போட்டிருக்கிறது. பாதிப் பேர் வீட்டுப்பாடமே செய்வதில்லை! நம்பலாமா?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம்

பதில்: நம்ப வேண்டாம். பெயர் எழுதச் சொல்லி, தாளை நீங்களே கையில் வாங்கியிருந்தால் அது டீச்சருக்குப் போட்ட டிக். அடுத்த முறை பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு யாரையாவது வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரே கேள்வியில் ஆர்வம் சிக்காது. 1995-லிருந்து நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பல நாடுகளில் நடக்கும் 'டிம்ஸ்' தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்கு பிடிக்கிறதா, நமக்கு வரும் என்ற நம்பிக்கை இருக்கிறதா, பின்னால் உதவும் என்று நினைக்கிறாயா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள், ஏனென்றால் இன்ஜினீயரிங் சீட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுகிற பையனும் 'உதவும்' என்றுதான் சொல்வான். நடுநடுவே 'கணக்கு போரடிக்கும்' என்கிற மாதிரி எதிர் வாக்கியமும் வரும். 'பிடிக்கும்', 'போரடிக்கும்' இரண்டுக்கும் ஒரே பிள்ளை 'ஆமாம்' போட்டிருந்தால் படிக்காமலே டிக் அடித்திருக்கிறது, அல்லது கேள்வி புரியவில்லை. சின்ன வகுப்பென்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்தத் தாளை வைத்துப் பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்; ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோகலாம். ஒரே நாட்டுக்குள் பார்த்தால், பிடிக்கும் என்கிற பிள்ளைதான் மார்க்கும் கூட வாங்குகிறது. ஆனால் டிம்ஸில் எப்போதும் முன்வரிசையில் நிற்கிற ஜப்பானிலும் கொரியாவிலும் கணக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைகள் குறைவு!

என்னைக் கேட்டால் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனிப்பேன். 1971-இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்துவிட்டு, நடுவில் எட்டு நிமிஷம் அறையை விட்டு வெளியே போய்விடுவார். பக்கத்தில் பத்திரிகைகளும் கிடக்கும். யாரும் சொல்லாமலே புதிரை எவ்வளவு நேரம் நோண்டுகிறார்கள் என்பதுதான் அவருடைய அளவு. நீங்களும் விளையாட்டுப் பீரியடுக்கு முன் போர்டில் ஒரு புதிரை எழுதிவிட்டு, யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: பரிசு அறிவித்தால் ஆர்வம் கூடுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஏற்கெனவே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்குக் குறையவும் செய்யலாம். படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் 1973-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை.