கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு நாள் தொண்டும் மீதி நாட்களும்

டிசம்பர் 5, சர்வதேசத் தன்னார்வலர் தினம். அதை ஒட்டி வந்த கடிதங்களை மொத்தமாக என்னிடம் தள்ளிவிட்டார் ஆசிரியர். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் என்பதால் தப்பிக்க வழியில்லை.

கேள்வி: ஒவ்வொரு டிசம்பர் 5-க்கும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி டி-ஷர்ட், ஒரே மாதிரி படம். மறுநாள் ஒருவரையும் காணோம். இந்த ஒரு நாளால் உலகத்தில் நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது. ஆனால் அது அந்தப் படங்களில் தெரியாது.

ஐ.நா. பொதுச்சபை 1985 டிசம்பரில் இந்த நாளை அறிவித்தது. அன்றைக்கு வந்து நிற்பவர்களின் மணிநேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் பலன் சொற்பம்தான். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் 2022 அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? உலகத்தில் 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 86 கோடிப் பேர் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்காமல் பிறருக்காக உழைக்கிறார்கள். அமைப்புகள் வழியாகச் செய்பவர்கள் 6.5 சதவீதம். எந்த அமைப்பிலும் சேராமல், தெரிந்தவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் நேரடியாகச் செய்பவர்கள் 14.3 சதவீதம். இவர்களுக்கு யாரும் டி-ஷர்ட் கொடுப்பதில்லை. படமும் எடுப்பதில்லை.

அப்படியானால் அந்த ஒரு நாள் எதற்கு? டிசம்பர் 5 ஆனாலும் வேறு நாளானாலும், ஒரு நாளில் பல பேர் சேர்ந்தால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று உண்டு. எண்ணுவது.

1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் குப்பை பொறுக்க ஆள் சேர்த்தார்கள். 2,800 பேர் வந்து 124 டன் அள்ளினார்கள். அதோடு விட்டிருந்தால் அடுத்த மாதமே அலை புதுக் குப்பையைக் கொண்டுவந்து போட்டிருக்கும், கதையும் முடிந்திருக்கும். அவர்கள் செய்த புத்திசாலித்தனம், வந்தவர்கள் கையில் பையோடு ஓர் அட்டையையும் கொடுத்தது. பாட்டில் எத்தனை, மூடி எத்தனை, கயிறு எத்தனை என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அதுதான் இன்று பல நாடுகளில் செப்டம்பர் தோறும் நடக்கிற சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியாக வளர்ந்திருக்கிறது. அட்டை மட்டும் மாறவில்லை. சில இடங்களில் கைபேசிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த அட்டைகள் இல்லாவிட்டால், முப்பது வருடத்துக்கும் மேலாகக் கரைகளில் அதிகம் கிடைத்தது சிகரெட் துண்டுதான் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. 2019 எண்ணிக்கையில் உணவுப் பொட்டல உறைகள் அதை முந்தின என்பதும் தெரிந்திருக்காது. 'பிளாஸ்டிக்கைக் குறையுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எந்தப் பொருள், எந்தக் கரையில், எத்தனை என்று வரிசையாக வைத்தால்தான் சட்டம் போடுகிறவரும் பொருள் தயாரிக்கிறவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பறவைக் கணக்கும் இப்படித்தான். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கூட்டமாகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளும் பழக்கம் இருந்தது. 1900-ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார். முதல் வருடம் 27 பேர். இன்று பல்லாயிரம் பேர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நாள்தான். ஆனால் அதே வட்டாரம், அதே பருவம், நூறு வருடத்துக்கும் மேலாக. எந்தப் பறவை குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு இந்தக் கணக்கு பெரிய ஆதாரம். காசு கொடுத்து ஆள் வைத்து இதைச் செய்ய முடியுமா என்ன?

எஸ்டோனியாவைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வட ஐரோப்பாவில் 13 லட்சம் பேர் வாழும் நாடு. 2008 மே 3 அன்று 50,000 பேர் இறங்கி, காட்டிலும் சாலையோரத்திலும் திருட்டுத்தனமாகக் கொட்டிய 10,000 டன் குப்பையை ஒரே நாளில் அள்ளினார்கள். எல்லோரும் வியப்பது அந்த ஒரு நாளை. நான் வியப்பது அதற்கு முந்தைய மாதங்களை. எங்கெங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று 10,000-க்கும் மேற்பட்ட இடங்களை முன்பே தேடிக் குறித்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆகவே வந்தவர் யாரும் 'நான் எங்கே போகணும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அந்த முயற்சி நாடு நாடாகப் பரவி, 2018-ல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே நாளில் நடந்தது. இப்போது செப்டம்பர் 20 ஐ.நா.வே அங்கீகரித்த உலகத் தூய்மை தினம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் தன்னார்வலர் தினத்துக்கு வராவிட்டால் மதிப்பெண் குறையும் என்கிறார்கள். என் அண்ணன் அலுவலகத்தில் சம்பளத்தோடு ஒரு நாள் அனுப்புகிறார்கள். இதெல்லாம் தொண்டா?

பதில்: கணக்குப்படி இரண்டும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 2013-ல் உலகப் புள்ளியியலாளர்கள் கூடி வகுத்த இலக்கணத்தில், தன்னார்வப் பணிக்குச் சம்பளமும் கூடாது, கட்டாயமும் கூடாது. படிப்பின் பகுதியாகச் செய்ய வேண்டிய வேலையையும், முதலாளி சம்பளத்தோடு கொடுத்த நேரத்தில் செய்யும் வேலையையும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள்.

அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். குப்பைக்கு, அள்ளியவர் மதிப்பெண்ணுக்காக வந்தாரா என்று தெரியாது. அண்ணனிடம் மட்டும் சொல்லுங்கள், வீட்டில் வந்து ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அந்த ஒரு நாளில் ஆதரவற்ற குழந்தைகளோடு இருந்துவிட்டு வரலாம் என்று நண்பர்கள் திட்டமிடுகிறோம். இன்னொரு குழு ரத்த தானம் என்கிறது. எது நல்லது?

பதில்: குழந்தைகளை விட்டுவிடுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். காலையில் வந்து கொஞ்சி, படம் எடுத்து, சாயங்காலம் போய் மறுபடி வராத முகங்களை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்திருக்கிறார்கள். மனிதர்களோடு பழக வேண்டிய வேலைக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஒருவர் போதும். ஒரு நாள் வருகிற முப்பது பேர் வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை வரமுடியும் என்றால் அப்போது நிர்வாகியைப் போய்ப் பாருங்கள்.

ரத்த தானம் நல்லது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கையை நீட்டாதீர்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்து நாளிலேயே வீணாகத் தொடங்கிவிடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் வரிசையில் நின்று கொடுத்த ரத்தத்தில் பெரும் அளவு பயன்படாமல் கொட்டப்பட்டது. கொடுத்தவருக்கும் அடுத்த முறைக்குச் சில மாத இடைவெளி வேண்டும். அதனால் குழுவில் ஆளுக்கொரு மாதம் பிரித்துக்கொண்டு, ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜூன் 14 உலக ரத்த தான தினத்தில் ஒரு சிலர் போனால் போதும்.

கேள்வி: எங்கள் சிறு அமைப்புக்கு அந்த ஒரு நாள் கூட்டம் வருகிறது, பிறகு வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எனக்கும் இதே தொல்லை. டிசம்பரில் ஐம்பது பேருக்கு வேலை தேடித் திண்டாடுவேன். பிப்ரவரியில் ஒரு பெரியவரை மருத்துவரிடம் கூட்டிப் போக ஒரே ஒருவரைத் தேடித் திண்டாடுவேன். அப்புறம் ஒரு மாற்றம் செய்தேன். உள்ளே வரும்போது வாங்கும் கையெழுத்தை நிறுத்திவிட்டு, கிளம்பும்போது ஒரு நோட்டை நீட்டினேன். ஜனவரி முதல் நவம்பர் வரை ஆள் தேவைப்படும் வேலைகள், தேதி, எத்தனை மணிநேரம் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் பெயர் எழுத இடம் காலியாக. 'விருப்பமிருந்தால் தொடர்பு கொள்ளுங்கள்' என்றால் யாரும் தொடர்பு கொள்ள மாட்டார்கள். 'மார்ச் இரண்டாவது ஞாயிறு, காலை இரண்டு மணிநேரம்' என்றால் சிலர் எழுதுவார்கள். எழுதியவர்களில் சிலர் வரவும் செய்வார்கள். அவ்வளவுதான் கிடைக்கும், அது போதும்.

2026-ஐத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கூட்டம் இன்னும் கூடலாம். நோட்டில் பக்கங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜூலை 18 மண்டேலா தினத்தில், அவர் 67 வருடம் பொதுவாழ்வில் இருந்ததற்காக 67 நிமிடம் தொண்டு செய்யச் சொல்கிறார்களே. 67 நிமிடம் முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

பதில்: தாராளமாக. துடைப்பத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு.