குளிர்கால சைக்கிளின் எடையைக் குறைக்க எந்தப் பாகங்களை மாற்றலாம்?

அலுமினிய ஃப்ரேம், ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக்), மட்கார்டு எல்லாம் சேர்த்து 11 கிலோ என்கிறீர்கள். குளிர்காலத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு அது மோசமில்லை. குறைக்கலாம். ஆனால் உப்பும் மணலும் தின்றுவிடும் பாகங்களில் எடைக்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

செயினும் கேசட்டும் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) தான் அதில் முதலில் வரும். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, தண்ணீரோடும் மண்ணோடும் கலந்து செயினுக்குள் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும். ஷிமானோ கம்பெனியின் 105 வரிசை 11 கியர் கேசட்டுக்கும் அதற்கு மேல் படியான அல்டெக்ரா வரிசைக் கேசட்டுக்கும் எடையில் 30 கிராம் போலத்தான் வித்தியாசம். தேய்ந்து தூக்கிப் போடப்போகும் சாமானுக்கு அந்த 30 கிராம் தேவையே இல்லை. மலிவான ஸ்டீல் கேசட் போதும். செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றிவிட்டால் கேசட்டும் அதிக நாள் உழைக்கும்.

முதல் செலவு சக்கரத்துக்கு. வண்டியோடு வரும் மலிவான சக்கர ஜோடி டயர் இல்லாமலே 2 கிலோவைத் தொடும். நல்ல அலுமினிய ஜோடி 1.6 கிலோவில் கிடைக்கும். ஒரே மாற்றத்தில் 400 கிராம் போய்விடும். ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) தண்ணீர் புகாதபடி மூடிய சீல்டு பேரிங் உள்ளதாகப் பாருங்கள். ஆனால் உங்களுடையது ரிம் பிரேக். ஈரமண் ஒட்டிய பிரேக் கட்டை ரிம்மையே சுரண்டும். ரிம்மின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பள்ளமோ புள்ளியோ மறைந்துவிட்டால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. ஆகவே கார்பன் ரிம் வேண்டவே வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டியில் இந்தத் தேய்மானம் இல்லை.

அடுத்து டயரும் டியூபும். கம்பி வைத்த டயருக்குப் பதில் மடக்கும் டயர் போட்டால் ஒவ்வொன்றிலும் 50 கிராமாவது மிச்சம். பஞ்சர் தடுக்கும் பட்டையை மட்டும் எடைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். நனைந்த ரப்பரைக் கண்ணாடிச் சில்லு சுலபமாகக் கிழிக்கும், விரல் மரத்துப்போன நிலையில் டயரைக் கழற்றுவது நரகம். சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராம் என்றால் டிபியு (TPU) என்ற பிளாஸ்டிக் டியூப் 40 கிராம்தான். ஆனால் சாதாரண பஞ்சர் பசை அதில் ஒட்டாது, ரிம் பிரேக் சூட்டைத் தாங்குமா என்று பெட்டியில் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்பேராக நான் இன்றும் பியூட்டைல்தான் எடுத்துப் போகிறேன்.

சீட்டில் 100 கிராம் குறைக்கலாம், உடம்புக்குப் பொருந்தினால் மட்டும். சீட் போஸ்ட்டை மாற்றினால், உலோகமானால் கிரீஸ், கார்பனானால் அதற்கான பேஸ்ட் தடவாமல் சொருகாதீர்கள். உப்புத் தண்ணீர் இறங்கினால் ஃப்ரேமோடு இறுகி, பிறகு கழற்றவே வராது.

மட்கார்டு அரைக் கிலோ வரும். அதைக் கழற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் முதுகை மட்டுமல்ல, செயினையும் பெடல் அச்சு சுழலும் கீழ் பேரிங்கையும் காப்பாற்றுவது அதுதான்.

எல்லாம் செய்தால் சுமார் ஒரு கிலோ குறையும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், அரை மணி நேர ஏற்றத்தில் 20 விநாடி போல மிச்சமாகும்.